ஒரே வீட்டில் நாலு விசேஷம்

எங்கள் ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். பர்மியர்கள் இதை அனாடே என்பார்கள். நாம் மறுத்தால் எதிராளி மனம் நோகுமே என்று கூசிக் கூசி, கடைசியில் நம்மைக் கெடுக்க வந்தவருக்கும் தலையாட்டி வைக்கிற குணம் அது. ரங்கூன் தமிழர்களான நாங்கள் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் பர்மியச் சொற்களை எடுத்துக்கொண்டபோது இந்த வியாதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அதை ஒருவர் முகத்தில் காட்ட எனக்கும் அனாடேதான். அதனால் வருகிற கோபத்தையெல்லாம் அண்டாக்களைத் தேய்த்துத் தீர்த்துக்கொள்வேன். அந்த வட்டாரத்தில் என் கடை அண்டாக்கள்தான் பளபளப்பானவை.

அலோனில் கிடங்குகளுக்குப் பின்னால் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தேன். அண்டா, தாம்பாளம், மடக்கு நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் கிடைக்கும். கணவர் விட்டுப்போன கடை. அவருக்குப் பிறகு நானும் என் தம்பியும் பார்த்துக்கொண்டோம். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணமாகவில்லை. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாத்திரம் சுமந்து தனக்கு அந்த ஆசையே விட்டுப்போயிற்று என்பான். மாரியம்மன் கோயில் தீமிதிக்கும் எங்கள் அண்டாதான், பர்மியர்கள் பையனுக்குக் காவி கட்டி வைக்கும் விருந்துக்கும் எங்கள் அண்டாதான், கரேன் இனத்தாரின் கிறிஸ்துமஸுக்கும் அதே அண்டாதான். போன வாரம் இதில் என்ன வெந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கும் அனாடே.

இதெல்லாம் இரண்டாயிரத்து எட்டில் பெரும்புயல் அடிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய கதை. அதை ஆரம்பித்தவன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் சைக்கா மிதிக்கும் ஒரு தமிழன். சைக்கா என்பது சைக்கிளின் பக்கத்தில் இருக்கை ஒட்டிய வண்டி. ஒருநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவன் கடை வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவன் தெருவில் ஒரு விதவை, அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைச் சீன எல்லையில் வேலை வாங்கித் தருவதாக ஒரு தரகுக்காரி கூட்டிப்போனாள். படகுத்துறை வரைக்கும் தரகுக்காரியையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனது இவன் வண்டிதான். அதன்பின் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

"என் காலாலேயே மிதிச்சுக் கொண்டுபோய் விட்டேன்க்கா" என்று தொடையில் அடித்துக்கொண்டான்.

அன்றைக்குக் கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கத்துப் பேட்டையான க்யிம்யிண்டைங்கில் ஒரு புத்த மடத்துப் பெண் துறவி. ரோஜா நிற அங்கி, மொட்டைத் தலை, எப்போதும் சிரிப்பு. துறவிப் பெண்களை ஸயாலே என்று அழைப்பது வழக்கம். இன்னொருவர் எங்கள் அலோன் கரேன் சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். அவரை எல்லோரும் தராமு, அதாவது டீச்சரம்மா என்போம். ஸயாலே கெண்டி வாங்க வந்திருந்தார், தராமு நாற்காலி வாங்க வந்திருந்தார். ஒருவன் அழும்போது சாமானை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட அவர்களுக்கு அனாடே. அதனால் உட்கார்ந்தார்கள். எங்கள் கூட்டுமுயற்சி பிறந்த விதம் இதுதான். இதைவிட உயர்வான காரணம் ஏதும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் பேசப் பேச விஷயம் விளங்கியது. தரகுக்காரி "வேலை இருக்கு" என்று சொல்லித்தான் பெண்களைக் கொண்டுபோகிறாள். இங்கேயே வேலை இருந்தால் அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? ஸயாலேயின் மடத்தில் பெரிய அடுப்படி இருந்தது. தராமுவுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கத் தெரியும், ஊரில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதும் தெரியும். என்னிடம் பாத்திரம். சைக்காக்காரனிடம் வண்டியும் கண்ணும்: டாலாவில் எந்தத் தெருவுக்கு எந்தப் புதுமுகம் வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். டாலாப் பெண்கள் காலைப் படகில் வந்து விருந்துகளுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு மாலைப் படகில் திரும்பினார்கள். கூலி அவர்களுக்கு, மிச்சம் தொழிலுக்கு. இதற்கு 'விருந்து வேலை' என்று பெயர் வைத்தோம்.

யாரோ சொல்லி வெளிநாட்டில் படித்த ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். எங்கள் தொழிலைத் தாளில் வட்டம் வட்டமாக வரைந்து, வட்டங்களுக்கு நடுவே அம்பு போட்டார். சமூகத் தொழில்முனைவோர் ஒத்துழைப்பு என்றார். தம்பி என் காதில், "அக்கா, எந்த மூடி எந்த அண்டாவுக்குன்னு கேக்குறாரு போல" என்றான். கடைசியில் அவர், "நீங்கள் நான்கு பேரும் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கருத்து வேறுபாடு எங்களுக்குள் வந்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னோம். மனிதர் கொஞ்சம் பயந்துபோய் எங்களைப் பார்த்தார். அந்தப் பயத்தின் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அப்போது ராணுவ அரசின் உத்தரவு இருந்தது. விசேஷம் என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். எனவே எங்கள் ஒவ்வொரு கூட்டத்தையும் விசேஷமாக்கினோம். அந்த வருஷம் என் தம்பிக்கு அடிக்கடி பிறந்தநாள் வந்தது. தெருக்காரர்கள் பரிசு கொண்டுவர ஆரம்பித்தார்கள். தம்பியிடம் ஏகப்பட்ட பனியன் சேர்ந்தது. "இப்படியே போனா உன் தம்பி நமக்கு முன்னாடி கிழவனாயிடுவான்" என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேக்கை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

அப்படி ஒரு பிறந்தநாளில்தான் சைக்காக்காரன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். அதே தரகுக்காரி அதே வீட்டுக்கு மறுபடி வந்திருக்கிறாள். இந்த முறை இளையவளுக்காக.

இளையவளுக்குப் பத்தொன்பது வயது. எங்களிடம் விருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவள்தான். அரிசி மூட்டையைத் தனியாளாகப் புரட்டுவாள், பந்தியில் ஒரு இலையைக்கூட மறக்க மாட்டாள். அவள் அம்மாவுக்குத் தரகுக்காரி அரிசி கொண்டுவந்திருக்கிறாள். ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு செய்தவளிடம் எப்படி மாட்டேன் என்பது? அம்மா சம்மதித்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பயணம்.

பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வேலைக்குப் போகல பெரியம்மா. அக்கா இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அந்த ஆன்ட்டி சொன்னாங்க. நான் போய்க் கண்ணால பாத்துட்டு வரணும். நான் போகலன்னா வேற யாரு போவா? நீங்க போவீங்களா?"

அவள் போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதைச் சொன்னால் அக்காவும் திரும்ப மாட்டாள் என்று சொன்னதாக ஆகும். அன்றைக்கு இரண்டு அண்டா தேய்த்தேன்.

உடனே தம்பிக்கு இன்னொரு பிறந்தநாள் வைத்தோம். நான் என் யோசனையைச் சொன்னேன்: தட்டு மாற்றிவிடலாம். எங்கள் வழக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டு கைமாறிவிட்டால் பெண் இன்னொரு வீட்டுச் சொத்து, அவளை வெளியூர் அனுப்ப முடியாது. பின்னால் மெதுவாகப் பேச்சை முறித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை யார் என்று நான் சொல்லவில்லை, கேட்க அவர்களுக்கும் அனாடே. எல்லோரும் "நல்ல யோசனை" என்றார்கள். ஸயாலே, பெண்ணுக்குத் தலையை மழித்துச் சில வாரம் துறவியாக்கிவிடலாம், மொட்டைத் தலையை எந்தத் தரகுக்காரி கொண்டுபோவாள் என்றார். எல்லோரும் "நல்ல யோசனை" என்றார்கள். தராமு, அந்த வீட்டில் நன்றி ஜெபம் வைக்கிறேன், கடைசிப் படகு போகும்வரை ஆமென் சொல்ல மாட்டேன், ஜெபத்துக்கு நடுவில் எழுந்துபோக எவளுக்குத் துணிச்சல் வரும் என்றார். அதுவும் நல்ல யோசனை. சைக்காக்காரன், அன்றைக்குப் படகுத்துறையில் ஒரு சைக்காவும் ஓடாது என்றான். அதுவும்.

பிறகு கேக் வெட்டினோம். ஒவ்வொருவரும் தன் யோசனைதான் ஏற்கப்பட்டது, மற்ற மூவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். சனிக்கிழமை தராமு வந்து நாற்காலிகளும் ஓர் அண்டாவும் எடுத்துப்போனார். ஸயாலே ஆள் அனுப்பிப் பெரிய பேசின் ஒன்றைக் கேட்டு வாங்கினார். எதற்கு, எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிறு காலை தம்பியிடம், டாலாவில் ஓர் அண்டாவைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். கையில் இன்னொரு அண்டாவைக் கொடுத்தேன். அதற்குள் பட்டு லுங்கி, வெள்ளைச் சட்டை, வெற்றிலை, பழம், தாம்பாளம் எல்லாம் இருந்தன. வாங்கப் போகிறவன் ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. படகில் ஏறியபின் சட்டையை மாற்றச் சொன்னேன்.

"ஏன்க்கா?"

"நீ இன்னிக்குப் பொண்ணு பாக்கப் போற."

தம்பி ஆற்றையே பார்த்தான். குதித்துவிடுவானோ என்று அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டேன். "போன வாரந்தான பொறந்தநாளு வச்ச" என்று மட்டும் சொன்னான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டான்.

டாலாவில் இறங்கினால் ஒரு சைக்காகூட நகரவில்லை. எல்லா வண்டிக்கும் காற்று இறங்கியிருந்தது. ஓட்டுகிறவர்கள் வண்டியிலேயே காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். எங்கள் கூட்டாளி ஓடி வந்து, "எல்லாம் பேசி முடிச்சாச்சுக்கா, ஒருத்தனும் மிதிக்க மாட்டான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்.

"சரி தம்பி, நாங்க எப்படிப் போறது?"

அவன் முகம் விழுந்துவிட்டது. அதை அவன் யோசிக்கவில்லை. எங்களுக்காக ஒரு வண்டிக்கு மட்டும் காற்றடிக்க மற்றவர்களிடம் கேட்க அவனுக்கு அனாடே. கடைசியில் தாம்பாளத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவனும் எங்களோடு சேற்றில் நடந்தான். பட்டு லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அண்டாவோடு மாப்பிள்ளை முன்னால் போனார்.

போய்ச் சேர்ந்தால், வீட்டு வாசலில் ஸயாலே. பெண் என் கடைப் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி மழித்தாயிற்று. பயணம் நல்லபடி நடக்க வேண்டுதல் என்று தாயும் மகளும் நினைத்துக்கொண்டு தலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஸயாலே என் தாம்பாளத்தைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன். இருவரும் சிரித்து வைத்தோம். "நீங்க மொதல்ல முடிங்க" என்றேன். "இல்லை இல்லை, நீங்க முதல்ல" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. தராமு தன் பாட்டுக் குழுவோடு, ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் எல்லோரும் எப்படி அடங்கினோம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. பெண்ணின் அம்மா எல்லோரையும் வாங்க வாங்க என்றாள். யார் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பாய் போட்டாள், துறவிக்குத் தண்ணீர் வைத்தாள், பாட்டுக் குழுவுக்கு அடுப்பு மூட்டினாள். தட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். அவள் எதைத்தான் வாங்கவில்லை?

கடைசியாகத் தரகுக்காரி வந்தாள். நல்ல செருப்பு, நல்ல பட்டு, கை நிறைய வளையல். படகுத்துறையிலிருந்து நடந்தே வந்ததில் செருப்பு ஒன்று சேற்றோடு போயிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள். ஆனால் அவள் தொழில் மனிதர்களை மயக்குவது, கற்றுக்கொடுக்கவா வேண்டும்? சிரித்துக்கொண்டே நடுவில் வந்து உட்கார்ந்தாள். வந்தவளை விசாரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை. ஆளுக்கொரு வார்த்தை பேச்சுக்கொடுத்தோம். சத்தியமாக அதில் எங்களுக்குத் திட்டம் எதுவும் இல்லை.

ஸயாலே கேட்டார்: "மூத்த பொண்ணு சௌக்கியமா?"

"ரொம்ப சௌக்கியம் ஸயாலே. மாசாமாசம் விகாரைக்குத் தானம் கொடுக்குது. உபோசத நோன்பு நாள் தவறுறதில்ல."

தராமு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜெபத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார்.

"தையல் பாக்டரியில வேலை. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போகுது தராமு. பாட்டுக்கூடப் பாடுது."

நானும் என் பங்குக்குக் கேட்டேன். சும்மாதான் கேட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே என்று.

"அங்க ஒரு காளியம்மன் கோயில் இருக்கு அக்கா. போன தடவ தீ மிதிச்சுது. ஓட்டல்ல அதுதான் கல்லாவுல உக்காருது. புருஷன் தங்கமான ஆளு."

அவளும் எங்களில் ஒருத்திதான். எதிரே இருப்பவருக்கு எது பிடிக்குமோ அதைத் தவிர வேறு சொல்ல அவளுக்கும் வராது. ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பதில் கேட்டவர் மனசில் போய் உட்கார்ந்திருக்கும். மூன்று பேர் மூன்று சாமியோடு வந்து கேட்டதில், காணாமல்போன அந்தப் பெண் ஒரே நேரத்தில் விகாரையிலும் சர்ச்சிலும் தீக்குழியிலும் நின்றாள், தைத்தாள், கல்லாவில் உட்கார்ந்தாள். தம்பி மட்டும், "ஓட்டலா பாக்டரியா?" என்று வாய்விட்டுக் கேட்டான். அதற்குள் தராமு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

கண்ணை மூடிக்கொள்ளாமல் பெண்ணைப் பார்த்தேன். பாதித் தலை மழித்து, மறுபாதியில் முடி தோளில் விழுந்து கிடக்க, தரகுக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிமிட்டவே இல்லை. அவள் மனசில் அக்கா ஒவ்வோர் இடமாக இல்லாமல்போவதை என்னால் பார்க்க முடிந்தது.

ஜெபம் மழையில் ஆரம்பித்து நெல்லுக்கு வந்து, டாலாவில் உள்ள ஒவ்வொரு தெருவுக்காகவும் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் உக்கட்டா வந்து நின்றார். அந்த வட்டாரத்துத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். ஐந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

"என்ன விசேஷம் இங்க?"

"தட்டு மாத்துறோம்" என்றேன். "துறவறம் வாங்குது" என்றார் ஸயாலே. "நன்றி ஜெபம்" என்றார் தராமு, ஆமென் சொல்லாமலே. "சைக்கா எல்லாம் பஞ்சர்" என்று சைக்காக்காரனும் சொல்லிவைத்தான்.

உக்கட்டா தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். தம்பி அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, ஒரு தட்டில் சோறும் வைத்தான். மறுக்க அவருக்கு அனாடே. சாப்பிட்டுக்கொண்டே, வெளியாள் யார் வந்தாலும் அந்த வீட்டுக்காரர் தன் விருந்தாளி என்று பொறுப்புச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்றார். ஒவ்வொருவராகக் கேட்டார். பாட்டுக் குழுவுக்குத் தராமு பொறுப்பேற்றார். ஸயாலேயை யார் கேட்பது? என்னையும் தம்பியையும் சம்பந்தி வீடு என்றாள் அம்மா. கடைசியில் தரகுக்காரி மிஞ்சினாள்.

உக்கட்டாவுக்கு அவளைத் தெரியும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். தனியாக இருந்திருந்தால் பார்க்காதவர்போலப் போயிருப்பார். ஆனால் மூன்று மதத்துக்காரர்களும் ஒரு பாட்டுக் குழுவும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதர் என்ன செய்வார்? கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"இவங்க யாரு வீட்டு விருந்தாளி?"

தரகுக்காரி சிரித்த முகமாக அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தான் போட்டுக் கொடுத்த புதுத் தகரத்தைப் பார்த்தாள். அம்மா "எங்க..." என்று ஆரம்பித்தாள். இன்னும் ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். அவளை உலுக்கி எழுப்பவேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அசையவில்லை.

"எங்க விருந்தாளி இல்ல" என்றாள் பெண். எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அக்காவக் கூட்டிட்டுப் போன ஆளு. அக்கா எங்கன்னு கேளுங்க உக்கட்டா. எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எங்க அக்கா எங்கன்னு கேளுங்க!"

அப்படி ஒரு குரலை அந்த ஊரில் நான் கேட்டதில்லை. உக்கட்டா வாயில் வைத்த சோற்றோடு அப்படியே இருந்தார். பிறகு, "எங்க?" என்று அவரும் கேட்டார். "அதான், எங்க?" என்றான் தம்பி. பாட்டுக் குழுவில் ஒரு கிழவி கேட்டாள். வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் கேட்டார்கள். தரகுக்காரி ஒற்றைச் செருப்போடு எழுந்து, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, சேற்றில் இறங்கி நடந்தாள். துறை வரைக்கும் ஆட்கள் "எங்க, எங்க" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். அவளை ஏற்றிக்கொள்ள ஒரு சைக்கா இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் கூட்டாளியின் யோசனை பிரமாதம்.

அவளைப் பிடித்துக் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. யாரிடம் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. டாலாவுக்கு அவள் மறுபடி வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். மூத்தவளைத் தேடினோம். தராமு வடக்கே இருக்கும் சர்ச்சுகளுக்குச் சொல்லி அனுப்பினார், ஸயாலே யாத்திரை போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஒன்றும் வரவில்லை.

தரகுக்காரி போன அன்றைக்கே, மிச்சத் தலையையும் மழித்துக்கொள்ள உட்கார்ந்தபோது பெண் என் தம்பியைப் பார்த்து, "மாமா, எனக்கு உங்களக் கட்டிக்க இஷ்டமில்ல" என்று பட்டென்று சொன்னாள். "அப்பாடா" என்று தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரே பொறாமை. மறுப்பது என்றால் இவ்வளவுதானா? இதற்கா நான் இத்தனை வருஷம் அண்டா தேய்த்தேன்?

முடி வளர்ந்ததும் அவள் விருந்து வேலையில் எங்களை ஆட்டிப்படைக்க ஆரம்பித்தாள். முதல் வேலையாக, "வேலை மட்டும் குடுத்தா ஆகாது பெரியம்மா. வேணாம்னு சொல்லப் பழக்கணும். உங்க நாலு பேரையும் சேத்துத்தான்" என்றாள். அதிலிருந்து தம்பியின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அது நடந்தது. டாலாத் தாய்மார்களையும் பெண்களையும் வரிசையாக உட்காரவைப்பாள். எதிரே ஒருவர் பலகாரத் தட்டோடு வந்து கெஞ்ச வேண்டும். "ஒண்ணே ஒண்ணு, எனக்காக." உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கெஞ்சுகிற வேலையை தரகுக்காரிபோலப் பட்டும் வளையலுமாக ஜோடித்துக்கொண்டு தராமு செய்வார். முதல் மாதங்களில் ஒருத்திக்கும் வரவில்லை. வியர்த்துக்கொட்டும், சிரிப்பு வரும், கண்ணில் நீர் வரும், கை தானாகப் பலகாரத்தை எடுத்துவிடும். ஸயாலே கடைசிவரை தேறவே இல்லை. கொடுப்பதை மறுக்கக்கூடாது என்பது தங்கள் விதி என்று சொல்லி மொத்தத் தட்டையும் காலி செய்வார். தெருவில் போகிறவர்கள் எட்டிப்பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பலகாரம் இவ்வளவு மோசமா என்று கேட்டுப் போனார்கள்.

ஆனால் மெல்ல மெல்ல வந்தது. ஒரு நாள் டாலாவில் இன்னொரு தெருவில், இன்னொரு தரகனிடம் ஒரு தாய் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் என்று சைக்காக்காரன் ஓடி வந்து சொன்னான். அன்றைக்கு நாங்கள் நிஜமாகவே கேக் வெட்டினோம்.

பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் அது வரவில்லை. பயிற்சிக்கு வருவாள், ஓரமாக உட்காருவாள், முறை வரும்போது தலை குனிந்து பலகாரத்தை வாங்கிக்கொள்வாள். மகள் அவளை ஒன்றும் சொல்ல மாட்டாள். அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் அம்மா தனியாக என் கடைக்கு வந்தாள். மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். மகள் அலோனிலேயே ஒரு விருந்துக்குப் போயிருந்தாள். உட்காரச் சொல்லி, டீ ஊற்றி நீட்டினேன்.

"குடி தங்கச்சி."

"வேண்டாம்க்கா" என்றாள்.

என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். சத்தமில்லாமல் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது. நான் கோப்பையை நீட்டியபடியே நின்றேன். அவள் தன் வாயைத் தானே கையால் தொட்டுப் பார்த்தாள்.

"மூத்தவ போன அன்னிக்கு எனக்கு இது வரலியேக்கா" என்றாள்.

பிறகு அழுதாள். பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, அடக்காமல், சத்தம் போட்டு அழுதாள். அழாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீட்டிய டீயை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை நானே குடித்தேன்.